மறுமலர்ச்சிக் காலத் தேவாலயச் சுவரோவியங்களும் அலங்காரக் கைவினைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியத் தேவாலயங்களில் உள்ள ஃப்ரெஸ்கோ ஓவியங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தில் போய் முட்டும்: அந்தச் சுவர்களை ஓவியர் தனியாக உருவாக்கவில்லை. கொத்தனார், தட்டார், தச்சர், பட்டு நெய்தவர், பூத்தையல்காரர், குயவர், கண்ணாடி வேலைக்காரர் என்று பல பட்டறைகளின் அறிவு அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் கலந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஓவியம் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஃப்ரெஸ்கோ என்றால் என்ன? சுவரில் வரைந்ததெல்லாம் ஃப்ரெஸ்கோவா?

இல்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, வெறும் தண்ணீரில் குழைத்த வண்ணப்பொடியால் வரைவதுதான் அசல் ஃப்ரெஸ்கோ. பசையோ முட்டையோ எண்ணெயோ சேர்ப்பதில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகும். அப்படி இறுகும்போது வண்ணத் துகள்களையும் தனக்குள் பிடித்துக்கொள்ளும். வண்ணம் சுவரின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, சுவராகவே ஆகிவிடுகிறது. ஐந்நூறு, அறுநூறு வருஷம் தாங்குவதற்கு இதுதான் காரணம்.

பூச்சு காய்ந்த பிறகு வரைவதாக இருந்தால் முட்டையோ பசையோ சேர்த்தாக வேண்டும். அதற்கு 'செக்கோ' என்று பெயர். பெரும்பாலான தேவாலயச் சுவர்களில் இரண்டும் கலந்தே இருக்கும். முக்கால்வாசி வேலை ஈரத்தில் நடக்கும், சில வண்ணங்களும் தங்கமும் காய்ந்த பிறகு ஏறும்.

ஓவியர் சென்னினோ சென்னினி 1400-ஐ ஒட்டி எழுதிய தொழில் கையேட்டில் காரைக்கு அளவு சொல்லியிருக்கிறார்: இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு சுண்ணாம்பு. முதலில் சொரசொரப்பான கனமான பூச்சு. அதன் மேல், அன்றன்றைக்கு வரையப்போகும் இடத்தில் மட்டும் மெல்லிய வழவழப்பான பூச்சு.

வெள்ளை நிறத்துக்கும் சுண்ணாம்புதான். ஈய வெள்ளையைச் சுவரில் பயன்படுத்தினால் கறுத்துப்போகும். அசிசியில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் மேல் தேவாலயத்தில் சிமாபுவே வரைந்த சிலுவைப்பாடு ஓவியத்தைப் பார்த்தால் இது புரியும். அதில் வெளிச்சமாக இருக்க வேண்டிய இடங்களெல்லாம் கறுத்து, ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி ஆகிவிட்டன.

ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியும்?

ஈரம் இருக்கும் வரைதான். ஆகவே ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பூசுவார்கள். பெரிய வானமாக இருந்தால் துண்டு பெரிதாக இருக்கும். ஒரே ஒரு முகத்துக்கு முழு நாளும் போகலாம். வேலை மேலிருந்து கீழே இறங்கும். ஒவ்வொரு நாளின் பூச்சும் முந்தைய நாள் பூச்சின் ஓரத்தில் லேசாக ஏறி உட்காரும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது இந்த விளிம்புகள் கண்ணுக்குத் தெரியும். எந்த உருவம் முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று இன்றும் அதை வைத்தே சொல்கிறார்கள்.

ஓவியர்கள் கலைஞர்கள்தானே? அவர்களைக் கைவினைஞர்களோடு ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

அந்தக் காலத்தில் அவர்கள் சேர்ந்துதான் இருந்தார்கள், அதனால்தான். ஃபுளோரன்ஸ் நகரில் ஓவியர்கள் மருத்துவர்களும் மருந்து வியாபாரிகளும் இருந்த தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள். வண்ணப்பொடி மருந்துக் கடையில் கிடைத்த சரக்கு என்பதே அதற்குக் காரணம். தட்டார்கள் பட்டு வணிகர்களின் சங்கத்தில் இருந்தார்கள்.

பெரிய பெயர்களின் பூர்வீகத்தைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி தட்டாராகப் பயிற்சி பெற்றவர். சிற்பி கிபெர்த்தியும் அப்படியே. ஓவியர் போட்டிசெல்லி முதலில் தட்டாரிடம் வேலை கற்றதாக, 16-ஆம் நூற்றாண்டில் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய ஓவியர் வசாரி எழுதுகிறார். ஓவியர் மாந்தேன்யாவின் ஆசிரியரான பதுவா நகரத்து ஸ்குவார்ச்சோனே பழைய ஆவணங்களில் தையற்காரர், பூத்தையல்காரர் என்றே குறிப்பிடப்படுகிறார். தொமேனிக்கோ கிர்லாந்தாயோவின் பட்டப்பெயரே அவருடைய அப்பா ஃபுளோரன்ஸ் பெண்களுக்குச் செய்து கொடுத்த தலைமாலை அணிகலன்களிலிருந்து வந்தது. பெனோத்சோ கோத்சோலி 1444-இல் கிபெர்த்தியின் பட்டறையில் சேர்ந்து, ஃபுளோரன்ஸ் ஞானஸ்நானக் கோயிலின் வெண்கலக் கதவு வேலையில் உதவியாக இருந்தார். பிற்பாடு, ஃபுளோரன்ஸில் அதிகாரம் செலுத்திய மெடிச்சி குடும்பத்தின் மாளிகைச் சிற்றாலயத்தில் அவர் 1459-இல் வரையத் தொடங்கிய, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் ஊர்வலத்தில், குதிரைச் சேணம், வாள் உறை, மகுடம் ஒவ்வொன்றும் உலோக வேலை தெரிந்த கை போட்டது என்பது பார்த்தவுடன் தெரியும்.

ஒரு பட்டறையில் என்னவெல்லாம் நடந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி நேரி தி பிச்சி. ஃபுளோரன்ஸில் ஓவியப் பட்டறை நடத்திய இவர் 1453 முதல் 1475 வரை எழுதிவைத்த கணக்குப் புத்தகம் கிடைத்திருக்கிறது. பீட ஓவியம், சுவரோவியம், சட்டத்துக்குத் தங்கம் பூசுவது, சுதைச் சிலைகளுக்கு வண்ணம் அடிப்பது என்று எல்லாம் ஒரே புத்தகத்தில், ஒரே மாதிரியான வரவு செலவாக வரிசையாக நிற்கின்றன. எது உயர்ந்த வேலை, எது சில்லறை வேலை என்று அந்தப் புத்தகம் பிரிக்கவில்லை.

பெரிய உருவங்களைச் சுவருக்கு எப்படி மாற்றினார்கள்?

பழைய வழி: சொரசொரப்பான அடிப்பூச்சின் மேல் செம்மண் நிறத்தில் முழுக் காட்சியையும் கோட்டோவியமாக வரைந்துவிடுவார்கள். பிறகு அதன் மேல் துண்டு துண்டாகப் பூசி வரைவார்கள். இந்த அடிக்கோடுகள் பூச்சுக்குள் புதைந்துபோகும். 1944 ஜூலை 27 அன்று பீசா நகரின் கல்லறை வளாகம் பீரங்கி வீச்சில் தீப்பிடித்தது. கூரையின் ஈயம் உருகி ஓடியது. சிதைந்த ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்தபோது அடியிலிருந்த செம்மண் கோடுகள் வெளிப்பட்டன. இப்போது அந்த ஊரில் அவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

15-ஆம் நூற்றாண்டில் தாளில் முழு அளவில் வரைந்து மாற்றும் முறை பரவியது. கோடு நெடுகிலும் ஊசியால் துளையிட்டு, தாளைச் சுவரில் வைத்து, கரித்தூள் முடிச்சால் தட்டினால் புள்ளிகள் விழும். இங்கே ஆரி வேலை செய்பவர்கள் டிரேசிங் தாளைக் குத்தித் துணியில் தூள் தேய்க்கிறார்களே, அச்சு அசல் அதே முறை. இத்தாலியிலும் பூத்தையல்காரர்கள் இதே வழியில்தான் துணியில் வரைவை இறக்கினார்கள்.

அரெத்சோவில் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் பியெரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்த திருச்சிலுவை வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஜரிகைத் துணிகளின் பூ டிசைன் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் ஒரே துளைத்தாளை நகர்த்தி நகர்த்திப் பயன்படுத்தியிருக்கிறார். நெசவின் தர்க்கமே இதுதான்: ஒரு மாதிரி, பல தடவை.

கட்டடம் வரைய இன்னொரு முறை உண்டு. ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லாவில் மசாச்சோ 1427 வாக்கில் வரைந்த மூவொரு இறைவன் ஓவியத்தில், ஈரக் காரையில் ஆணி அடித்து நூல் இழுத்துப் பதித்த தடங்கள் இன்னும் இருக்கின்றன. கொத்தனாரும் தச்சரும் நூல் பிடிப்பது போலவே பிடித்து, தட்டையான சுவரில் ஒரு வளைவு மண்டபத்தை ஆழமாக்கிக் காட்டினார்.

ஈரச் சுவரில் தங்கம் எப்படி ஒட்டும்?

ஒட்டாது. எல்லாம் காய்ந்த பிறகுதான் தங்கத்தின் முறை. சென்னினி இதற்கு ஒரு சிக்கனமான வழி சொல்கிறார்: தகரத் தகட்டின் மேல் தங்க ரேக்கை ஒட்டி, வேண்டிய வடிவில் வெட்டி, வார்னிஷ் மாதிரியான பிசினால் சுவரில் பதிப்பது. விலை மலிவான உலோகத்தை நம்பிச் செய்த இடங்கள் பிற்பாடு கறுத்துவிட்டன.

தங்க ரேக்கு அடிப்பவர்களைப் பற்றி அவர் கொடுக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு டுகாட் பொற்காசிலிருந்து 145 தாள் அடிக்கிறார்கள், நூறுக்கு மேல் அடிக்கக் கூடாது என்கிறார். தாள் தடியாக இருந்தால்தான் பளபளப்பு நிற்கும் என்பது அவர் கவலை. சரக்கு வாங்கி ஏமாந்தவரின் குரல் அதில் கேட்கிறது.

ஒளிவட்டங்களைக் கவனியுங்கள். பதுவாவின் ஸ்க்ரொவேன்யி சிற்றாலயத்தில் (1305-இல் அர்ச்சிக்கப்பட்டது) ஜொட்டோ புனிதர்களின் ஒளிவட்டங்களைச் சுதையால் மேடாக்கி, கதிர்க் கோடுகளைக் கீறிப் பொன் பூசியிருக்கிறார். மெழுகுவர்த்தி வெளிச்சம் கீழிருந்து அசையும்போது கதிர்களும் மின்னும். ஓவியம், சிற்பம், தட்டார் வேலை மூன்றும் ஒரு சாண் வட்டத்துக்குள் இருக்கின்றன.

இதை எல்லைக்குக் கொண்டுபோனவர் பிந்துரிக்கியோ. 1492-94 ஆண்டுகளில் வத்திக்கானில் போர்ஜியா திருத்தந்தைக்காக அவர் அலங்கரித்த அறைகளில் கட்டட வளைவுகள், அணிகலன்கள், ஆடை ஓரங்கள் எல்லாம் சுதையில் மேடாக எழுந்து தங்கம் பூசி நிற்கின்றன. வசாரிக்கு இது பிடிக்கவில்லை. தொலைவில் இருக்க வேண்டியது முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று குறை சொன்னார். நான் பிந்துரிக்கியோவின் பக்கம். அவர் அறையை அலங்கரிக்க வந்தவர், ஜன்னல் வழியே தூரத்தைக் காட்டுவது அவர் நோக்கமாக இருக்கவில்லை.

நீல நிறம் மட்டும் ஏன் பல இடங்களில் உதிர்ந்திருக்கிறது?

செம்புக் கனிமமான அசுரைட் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. அதனால் அதைக் காய்ந்த பிறகு பசை சேர்த்துத்தான் பூசினார்கள். பசை நாளடைவில் வலுவிழந்து நீலம் செதில் செதிலாக விழுந்துவிட்டது. ஸ்க்ரொவேன்யியில் இயேசு பிறப்புக் காட்சியில் மரியாளின் ஆடையைப் பாருங்கள். நீலம் போய் அடியில் இருந்த நிறம் மிஞ்சியிருக்கிறது.

இன்னும் உயர்ந்த நீலம், ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளிலிருந்து வந்த லாபிஸ் லாசுலிக் கல்லிலிருந்து பிரித்தெடுத்தது. விலை தங்கத்தோடு போட்டி போடும். அதை ஃபுளோரன்ஸில் யார் தயாரித்தார்கள் தெரியுமா? நகரச் சுவருக்கு வெளியே சான் ஜுஸ்தோ மடத்தில் இருந்த ஜெசுவாத்தி துறவியர். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் அவர்கள் செய்தார்கள். 1508 மே மாதம், சிஸ்டைன் சிற்றாலய விதான வேலையைத் தொடங்கும் நேரத்தில், மைக்கேலாஞ்சலோ நல்ல நீலம் வேண்டும் என்று கேட்டு அந்த மடத்துத் துறவி ஒருவருக்குத்தான் கடிதம் எழுதினார்.

ஓவியங்களுக்குக் கீழே தெரியும் பளிங்குப் பலகைகளும் திரைச்சீலைகளும் நிஜமானவையா?

பெரும்பாலும் வரைந்தவை. மேலே இருக்கும் கதைக் காட்சிகளுக்கு அவசரமாகப் போகிறவர்கள் சுவரின் கீழ்ப்பகுதியைத் தவறவிடுகிறார்கள். அங்கேதான் மற்றத் தொழில்களோடு நேரடிப் போட்டி நடக்கிறது.

ஸ்க்ரொவேன்யியின் அடிச்சுவரில் ஜொட்டோ பளிங்குப் பலகைகளை வரைந்து, நடுநடுவே ஏழு நற்பண்புகளையும் ஏழு தீய குணங்களையும் கற்சிலை போலச் சாம்பல் நிறத்தில் நிறுத்தியிருக்கிறார். பளிங்குப் பூச்சை வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றியிருப்பதால் கல்லின் பளபளப்பே வந்துவிடுகிறது. ஃபுளோரன்ஸின் சாந்த அப்பொலோனியா மடத்து உணவறையில் கஸ்தாஞோ 1447-இல் வரைந்த இறுதி இராவுணவு ஓவியத்தில், இயேசுவுக்கும் சீடர்களுக்கும் பின்னால் இருக்கும் பளிங்குப் பலகைகள் கண்ணை இழுக்கும். யூதாஸின் தலைக்கு அருகே உள்ள பலகையின் ரேகைகள் மட்டும் புயல் மாதிரி சுழல்கின்றன. கல் வேலைப்பாட்டை வரைந்து காட்டுவதோடு அவர் நிற்கவில்லை, கல்லின் ரேகையையே கதை சொல்ல வைத்துவிட்டார்.

சிஸ்டைன் சிற்றாலயத்தின் பக்கச் சுவர்களை 1481-82-இல் பெருஜினோ, போட்டிசெல்லி, கிர்லாந்தாயோ, கொசிமோ ரொசெல்லி ஆகியோர் வரைந்தபோது, அடிப்பகுதி முழுக்கப் பொன், வெள்ளி ஜரிகைத் திரைகள் தொங்குவது போல வரையப்பட்டது. பிற்பாடு பத்தாம் லியோ திருத்தந்தை அதே இடத்தில் நிஜமான சித்திரக் கம்பளங்களைத் தொங்கவிட நினைத்தார். 1515-இல் ரபேலிடம் வரைவுகள் கேட்கப்பட்டன. நெசவு பிரஸ்ஸல்ஸில் பீட்டர் வான் ஆல்ஸ்ட்டின் பட்டறையில் நடந்தது. 1519 டிசம்பர் 26 அன்று முதல் ஏழு கம்பளங்கள் அங்கே தொங்கின.

ரபேலின் தாள் வரைவுகளை நெசவாளர்கள் பட்டை பட்டையாக வெட்டித் தறிக்கு அடியில் வைத்து நெய்தார்கள். பின்பக்கத்திலிருந்து நெய்வதால் படம் இடம் வலமாக மாறும். ரபேல் அதைக் கணக்கில் வைத்தே வரைந்தார். பட்டைகள் மறுபடி ஒட்டப்பட்டு, ஏழு வரைவுகள் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மொத்தச் செலவில் நெசவுக்குப் போனது ஓவியருக்குப் போனதைப் போலப் பல மடங்கு. அந்தக் காலத்தின் மதிப்பு எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

ஓவியங்களில் வரும் பட்டு, ஜரிகை உடைகள் நிஜத் துணிகளைப் பார்த்து வரைந்தவையா?

ஆமாம், பல இடங்களில் அப்படித்தான். ஃபுளோரன்ஸ் பட்டு நகரம். தோர்னபுவோனி குடும்பத்துக்காகச் சாந்தா மரியா நொவெல்லாவின் பெரிய சிற்றாலயத்தைக் கிர்லாந்தாயோ 1485 முதல் 1490 வரை வரைந்தார். கூலி 1,100 ஃப்ளோரின் பொற்காசு. அதில் மரியாள் எலிசபெத்தைச் சந்திக்கும் காட்சியிலும் மரியாளின் பிறப்புக் காட்சியிலும் அந்த வீட்டு இளம்பெண்கள் பொன் ஜரிகை உடையில் நிற்கிறார்கள். பைபிள் கதைக்கு அந்த உடை தேவையே இல்லை. ஆனால் பணம் கொடுத்த வியாபாரிக் குடும்பம் தன் துணியையும் தன் பெண்களையும் பீடத்துக்குப் பக்கத்தில் பார்க்க விரும்பியது. 1488-இல் இளம் வயதிலேயே இறந்துபோன, அந்த வீட்டு மருமகள் ஜொவான்னா அந்தச் சுவரில் இன்றும் அதே உடையில் இருக்கிறார்.

துணிக்கும் ஓவியத்துக்கும் எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. தட்டார், சிற்பி, ஓவியர் என்று மூன்று வேலையும் செய்த அந்தோனியோ போலாயுவோலோ, 1466 முதல் ஞானஸ்நானக் கோயிலின் பூசை உடைகளுக்காக ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் வரலாற்றுக் காட்சிகளை வரைந்து கொடுத்தார். பொன்னிழைகளை நெருக்கமாகக் கிடைமட்டமாகப் பரப்பி, மேலே வண்ணப் பட்டிழையால் இறுக்கித் தைப்பார்கள். இழை நெருங்கினால் நிழல், விலகினால் தங்கம் எட்டிப் பார்க்கும் வெளிச்சம். அந்தத் துண்டுகள் ஃபுளோரன்ஸின் பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுவரோவியங்களைப் பார்த்த அதே நாளில் இவற்றையும் பார்த்துவிட வேண்டும். தொலைவும் நிழலும் மடிப்பும் இரண்டிலும் ஒன்றாக இருப்பது தெரியும்.

மரவேலைக்கும் ஃப்ரெஸ்கோவுக்கும் என்ன தொடர்பு?

மிக நெருக்கமான தொடர்பு. பல நிற மரச் சீவல்களை வெட்டிப் பதித்துப் படம் உண்டாக்கும் இன்டார்சியா வேலை 15-ஆம் நூற்றாண்டில் உச்சத்தில் இருந்தது. பெனெதெத்தோ தேய் என்ற ஃபுளோரன்ஸ்காரர் 1470-களில் தன் ஊரின் பெருமையைப் பட்டியல் போட்டபோது மரப்பதிப்புப் பட்டறைகள் 84 என்றும் இறைச்சிக் கடைகள் 70 என்றும் எழுதிவைத்தார்.

மரத்தில் நேர்கோடு எளிது, வளைவு கஷ்டம். ஆகவே பாதி திறந்த அலமாரி, புத்தக அடுக்கு, தெருக் காட்சி என்று பெர்ஸ்பெக்டிவ் (தட்டையான பரப்பில் தொலைவைக் காட்டும்) கணக்கு தேவைப்படும் படங்களை இந்தத் தச்சர்கள் தேடிப் பிடித்தார்கள். லெந்தினாரா ஊர் லொரென்சோ கனோசி பியெரோ தெல்லா பிரான்செஸ்காவுக்குச் சகோதரன் மாதிரி நெருக்கமானவர் என்று கணிதவியலாளர் லூக்கா பச்சோலி குறிப்பிடுகிறார். லொரென்சோவும் தம்பி கிறிஸ்தோபரோவும் மொதெனா பேராலயப் பாடகர் இருக்கைகளைச் செய்தவர்கள். பியெரோவின் கட்டட ஓவியங்களில் உள்ள துல்லியத்தையும் அந்த மரப்பலகைகளையும் ஒன்றாகப் பார்த்தால் இருவரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள் என்று தெரியும்.

ஒரே ஆள் எத்தனை இடத்தில் கை வைத்தார் என்பதற்கு அலெஸ்ஸோ பால்தொவினெத்தியைச் சொல்வேன். 1460-62-இல் அன்னுன்சியாத்தா தேவாலய முற்றத்தில் இயேசு பிறப்பைச் சுவரோவியமாக வரைந்தார். அடுத்த வருஷமே, ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் வடக்குப் பூசையறையில் ஜுலியானோ தா மயானோ மரத்தில் பதித்த அதே பிறப்புக் காட்சிக்கு வரைவு கொடுத்தார். ஞானஸ்நானக் கோயிலின் பழைய மொசைக்குகளை, அதாவது சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளைப் பதித்த படங்களை, பழுது பார்த்ததும் அவர்தான். இதில் ஒரு வேதனை: சுவரோவியத்தில் காய்ந்த பூச்சின் மேல் அவர் போட்ட வண்ணங்கள் பெருமளவு உதிர்ந்துவிட்டன. மரத்தில் பதித்தது தெளிவாக நிற்கிறது.

அந்த மரப்படங்களில் வரும் பச்சை நிறம் பல இடங்களில் சாயம் இல்லை. ஒரு வகைப் பூஞ்சை ஏறி இயல்பாகவே பச்சையான மரத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

கிர்லாந்தாயோ இந்த உறவைச் சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறார். மரியாளின் பிறப்புக் காட்சியில் அறைச் சுவர் முழுக்க மரப்பதிப்புப் பலகைகளாக வரையப்பட்டிருக்கும். அந்தப் பலகை வேலைப்பாட்டுக்குள் பிகோர்தி, கிர்லாந்தாயோ என்று தன் குடும்பப் பெயரையும் பட்டப்பெயரையும் தச்சர் பதித்தது போல வரைந்திருக்கிறார்.

கொடி, முகமூடி, பாதி மனிதன் பாதி மிருகம் என்று தூண்களில் ஏறும் அந்த விசித்திர அலங்காரம் எங்கிருந்து வந்தது?

ரோமில் பூமிக்கு அடியிலிருந்து. 1480 வாக்கில், நீரோ மன்னனின் புதைந்துபோன பொன்மாளிகையின் அறைகள் வெளிப்பட்டன. ஓவியர்கள் பந்தத்தோடு உள்ளே இறங்கி, விதானத்தில் இருந்த பழைய அலங்காரங்களைப் படி எடுத்தார்கள். மெல்லிய தண்டின் மேல் கனமான மிருகம் நிற்கும், இலையிலிருந்து முகம் முளைக்கும். க்ரொதெஸ்கே என்று அழைக்கப்பட்ட இந்தப் பாணி சில வருஷங்களிலேயே தேவாலயங்களுக்குள் நுழைந்துவிட்டது. ஃபிலிப்பினோ லிப்பி ரோமின் கராஃபா சிற்றாலயத்திலும், பிறகு சாந்தா மரியா நொவெல்லாவின் ஸ்த்ரோத்சி சிற்றாலயத்திலும் இதைக் கொண்டுவந்தார். ஓர்வியேத்தோ பேராலயத்தில் 1499-1504-இல் சிஞொரெல்லி வரைந்த உலக முடிவுக் காட்சிகளின் அடிச்சுவரிலும் இந்த அலங்காரம் நெளிகிறது.

சியென்னா பேராலயத்தை ஒட்டிய பிக்கொலொமினி நூலகத்துக்காகப் பிந்துரிக்கியோவோடு 1502 ஜூன் 29 அன்று போட்ட ஒப்பந்தத்தில் விதானத்தில் க்ரொதெஸ்கே வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. வரைவுகள் எல்லாம் அவர் கையால் இருக்க வேண்டும், முகங்களை அவரே வரைய வேண்டும் என்றும் இருக்கிறது. மிச்சம் பட்டறை ஆட்களுக்கு. அந்த அறையின் தரையில் பிக்கொலொமினி குடும்பச் சின்னமான பிறைநிலா போட்ட பளபள ஓடுகள் பதிந்திருக்கின்றன.

ஓடு என்றதும் ஸ்பெல்லோ ஞாபகம் வருகிறது. உம்ப்ரியாவில் உள்ள அந்தச் சிறிய ஊரின் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தில், பல்யோனி சிற்றாலயத்தைப் பிந்துரிக்கியோ 1501 வாக்கில் முடித்தார். அதன் தரைக்கு 1566-இல் தெரூத்தா ஊர்க் குயவர்கள் ஓடு செய்து பதித்தார்கள். சுவரில் உள்ள கொடியும் மிருகமும் தரை ஓட்டிலும் தொடர்கின்றன. அறுபத்தைந்து வருஷ இடைவெளி இருந்தும் ஒரே பேச்சின் தொடர்ச்சி போல இருக்கிறது. தெரூத்தா, உர்பினோ தட்டுகளிலும் குடங்களிலும் இதே அலங்காரம் ஏறியது. அச்சிட்ட செதுக்குப் படங்கள் வழியாகச் சுவரில் பிறந்த உருவங்கள் குயவரின் சக்கரம் வரை போய்ச் சேர்ந்தன.

இந்தப் பழைய ரோமானிய அலங்காரத்தின் வெண்சுதையையும் மீட்டெடுத்தவர் ரபேலின் உதவியாளர் ஜொவான்னி தா ஊதினே. பலமுறை சோதித்து, வெள்ளைப் பளிங்கு மாவையும் டிராவெர்டின் கல்லைச் சுட்ட சுண்ணாம்பையும் கலந்து அந்தக் காரையைப் பிடித்தார் என்கிறார் வசாரி.

வண்ணக் கண்ணாடி ஜன்னலும் ஓவியரின் வேலையா?

வரைவு ஓவியருடையது, செய்வது கண்ணாடிக்காரர். தோர்னபுவோனி சிற்றாலயத்தின் ஜன்னலுக்கும் கிர்லாந்தாயோவே வரைந்து கொடுத்தார். சுவருக்கும் ஜன்னலுக்கும் ஒரே கை என்பதால் அந்தச் சிற்றாலயத்தின் ஒளியும் நிறமும் சேர்ந்தே திட்டமிடப்பட்டவை. மொசைக் வேலையும் செய்தார். என்றென்றைக்கும் நிலைக்கும் ஓவியம் அதுதான் என்று அவர் சொல்வார் என வசாரி எழுதுகிறார்.

லியோனார்டோவின் இறுதி இராவுணவு ஃப்ரெஸ்கோதானே?

இல்லை. மிலானில் 1495-98-இல் காய்ந்த சுவரின் மேல் அவர் வரைந்தது அது. நிதானமாக யோசித்து, திருத்தித் திருத்தி வரைய அவருக்கு நேரம் வேண்டியிருந்தது. ஈரச் சுண்ணாம்பு அந்த நேரத்தைக் கொடுக்காது. அவர் உயிரோடு இருக்கும்போதே அது உதிரத் தொடங்கிவிட்டது.

ஓவியர்கள் எப்போது கைவினைஞர்களிடமிருந்து பிரிந்தார்கள்?

ஃபுளோரன்ஸைப் பொறுத்தவரை ஆண்டு சொல்லலாம். 1563-இல் வசாரியின் முயற்சியால், மெடிச்சி ஆட்சியாளர் முதலாம் கொசிமோவின் ஆதரவில் ஓவியக் கழகம் தொடங்கியது. 1571-இல் அதன் உறுப்பினர்கள் தொழிற்சங்கங்களில் இருக்க வேண்டியதில்லை என்று ஆணை வந்தது. ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர் மேலே போனார்கள். தச்சரும் தட்டாரும் பூத்தையல்காரரும் பழைய இடத்திலேயே நின்றார்கள். இந்தப் பிரிவினையால் நாம் இழந்தது அதிகம் என்று நினைக்கிறேன். மரப்பதிப்பில் மேதையான ஜுலியானோ தா மயானோவின் பெயர் சுற்றுலா வழிகாட்டிகளின் வாயில் வருவதே இல்லை. பூசை உடைக்குப் பொன்னிழை தைத்தவர்களைச் சொல்லவே வேண்டாம்.

சேதமான ஓவியங்களை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

இழப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பதுவாவில் மாந்தேன்யா வரைந்த ஒவெத்தாரி சிற்றாலயம் 1944 மார்ச் 11 குண்டுவீச்சில் நொறுங்கியது. 1966 நவம்பர் 4 வெள்ளம் ஃபுளோரன்ஸ் தேவாலயங்களை மூழ்கடித்தது. 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் அசிசி மேல் தேவாலயத்தின் விதானம் விழுந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். ஓவியம் ஆயிரக்கணக்கான துணுக்குகளானது.

சுவர் ஈரம் இழுத்து உப்புப் பூத்தால், ஓவியத்தின் மேல் துணியைப் பசையால் ஒட்டி, வண்ணப் படலத்தை மட்டும் உரித்தெடுத்து வேறு தளத்தில் பொருத்தும் முறை இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு இது பெருமளவில் நடந்தது. இப்போதெல்லாம் முடிந்தவரை சுவரிலேயே வைத்துப் பாதுகாப்பதைத்தான் விரும்புகிறார்கள். அது சரி என்றே படுகிறது. பெயர்த்த ஓவியம் அதைச் சுற்றியிருந்த மரம், கல், கண்ணாடி எல்லாவற்றையும் இழந்துவிடுகிறது.

இந்த வேலையில் முன்னணியில் இருக்கும் ஃபுளோரன்ஸ் நிறுவனத்தின் பெயர் ஒபிஃபீச்சோ தெல்லே பியேத்ரே தூரே. 1588-இல் மெடிச்சி ஆட்சியாளர் ஃபெர்தினாந்தோ தொடங்கிய வண்ணக்கல் பதிப்புப் பட்டறை அது. ஓவியர்கள் வரைந்து காட்டிய பளிங்குப் பலகைகளை நிஜக் கல்லில் செய்த அந்தப் பட்டறையின் வாரிசுகள்தான் இன்று சுவரோவியங்களுக்கும் மருத்துவம் பார்க்கிறார்கள்.

நேரில் போனால் எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு தேவாலயத்துக்குத்தான் நேரம் என்றால் ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா. மசாச்சோ, கிர்லாந்தாயோ, ஃபிலிப்பினோ மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். சின்ன பைனாகுலர் கொண்டுபோங்கள். கிர்லாந்தாயோவின் மேல் வரிசைகளை வெறும் கண்ணால் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். காட்சிகளுக்கு முன்பு அடிச்சுவர், ஓரப்பட்டை, தரை, இருக்கைகள் என்று கீழிருந்து மேலே போவது என் வழக்கம்.

பதுவாவின் ஸ்க்ரொவேன்யிக்கு முன்பதிவு கட்டாயம். ஈரமும் தூசியும் உள்ளே போகாதபடி, சின்னக் குழுவை முதலில் காற்றுப் பதனப்படுத்திய அறையில் உட்கார வைத்துப் பிறகுதான் அனுப்புவார்கள். உள்ளே கிடைப்பது கால் மணி நேரம் போலத்தான், அதனால் அடிச்சுவர்ப் பளிங்கையும் ஒளிவட்டங்களையும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள். ஸ்பெல்லோவில் அந்த அவசரம் இல்லை. தெரூத்தா பக்கத்திலேயே இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்; தெரூத்தாவில் ஓட்டுப் பட்டறைகள் இன்றும் வேலை செய்கின்றன.